எந்தத் தாம்சன்?



உங்கள் வகுப்பில் இரண்டு செல்வராஜ்கள் இருக்கிறார்களா? இருந்தால் ஆசிரியர் என்ன செய்வார் என்பது உங்களுக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் க. செல்வராஜ், மு. செல்வராஜ் என்று தலைப்பெழுத்தோடு எழுதிவிடுவார். ஒருவன் வாங்கிய மதிப்பெண் மற்றவன் கணக்கில் ஏறிவிடக் கூடாதல்லவா? பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இருவரும் அண்ணன் தம்பி ஆகிவிடுவதில்லை. ஒருவன் எழுதிய விடைத்தாள் மற்றவனுடையதும் ஆகிவிடாது.

பள்ளிக்கூடத்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், இயற்பியல் பாடப் புத்தகத்தைத் திறந்ததும் அந்தக் கவனத்தைக் கைவிட்டுவிடுகிறோம். ஜூல்–தாம்சன் விளைவு, தாம்சனின் அணு மாதிரி, தாம்சன் சிதறல், தாம்சனின் தாவும் வளையம் என்று படித்துக்கொண்டே போகிறோம். இவை எல்லாம் ஒரே தாம்சன் செய்த வேலைகளா? 'ஆம்' என்று தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுபவர்களே மிகுதி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

நான் செய்த பிழை

கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கி இரண்டாம் ஆண்டு. வெப்ப இயற்பியல் வகுப்பு. "1852-ஆம் ஆண்டில் ஜூலும் ஜே.ஜே. தாம்சனும் சேர்ந்து செய்த புகழ்பெற்ற சோதனை இது" என்று சொல்லிக் கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், போன வாரம் எலெக்ட்ரான் பாடத்தில் ஜே.ஜே. தாம்சன் பிறந்தது 1856 என்று எழுதிப் போட்டீர்கள். பிறப்பதற்கு நான்கு ஆண்டு முன்னாலேயே எப்படி சார் சோதனை செய்தார்?"

வகுப்பு சிரித்தது. நான் அதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. "ஏதாவது ஓர் ஆண்டு அச்சுப் பிழையாக இருக்கும், உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை நூலகத்துக்குப் போய்த் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அச்சில் பிழை இல்லை, பிழை என் தலையில் இருந்தது. ஜூலோடு சோதனை செய்தவர் வேறு தாம்சன். மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லாருடைய குறிப்பேட்டிலும் திருத்தச் செய்தேன்.

ஆனால் முந்திய ஆண்டும் இதே பாடத்தை இதே பிழையோடு நடத்தியிருந்தேன். அந்த மாணவர்கள் தேர்வு எழுதி முடித்துப் போய்விட்டார்கள். அவர்களுள் சிலர் இன்று ஆசிரியர்களாகவும் இருக்கக்கூடும். அவர்களிடம் திருத்த எனக்கு வழியில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்கும் முயற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாருங்கள், தாம்சன்களை ஒவ்வொருவராகச் சந்திப்போம்.

பெயர் எப்படி வந்தது?

தாம்சன் என்றால் 'தாமின் மகன்' என்று பொருள். தாம் என்பது தாமஸ் என்பதன் சுருக்கம். தாமஸ் என்ற சொல்லோ அரமேய மொழியில் 'இரட்டைப் பிள்ளை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆக, குழப்பம் அந்தப் பெயரின் வேரிலேயே இருக்கிறது!

பிரிட்டனில் ஊருக்கு ஊர் தாமஸ்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் 'தாமின் மகன்' ஆனார்கள். பின்னர் அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. ஆகவே இரண்டு தாம்சன்களுக்குப் பொதுவான பாட்டனார் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆங்கிலத்தில் சிலர் இப்பெயரின் நடுவே 'ப்' ஒலிக்குரிய எழுத்து ஒன்றைச் சேர்த்து எழுதுவர், சிலர் சேர்ப்பதில்லை. இந்த 'ப்' எங்கிருந்து வந்தது? 'தாம்சன்' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'ம்' ஒலிக்காக மூடிய உதடுகள் 'ச' ஒலிக்காகத் திறக்கும்போது மெல்லிய 'ப்' ஒன்று தானாகவே பிறப்பதை உணரலாம். அதையும் எழுத்தில் எழுதினார்கள். தமிழில் நாம் பெரும்பாலும் இரண்டையும் தாம்சன் என்றே எழுதுகிறோம். அதனால் நமக்குக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல்.

முதல் தாம்சன்: பீரங்கி துளைத்தவர்

பெஞ்சமின் தாம்சன் 1753-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியில் உள்ள வோபர்ன் என்னும் ஊரில் பிறந்தவர். அமெரிக்க விடுதலைப் போரில் ஆங்கில அரசின் பக்கம் நின்றதால் நாட்டைவிட்டு வெளியேறினார். பின்னர் ஜெர்மனியின் பவேரியா நாட்டில் உயர்ந்த பதவி வகித்தார். மியூனிக் நகரின் ஆயுதச்சாலையில் பீரங்கிக் குழாய்கள் துளைக்கப்படுவதை மேற்பார்வையிட்டபோது, உலோகமும் அதிலிருந்து விழும் சீவல்களும் மிகவும் சூடாவதைக் கண்டார்.

அக்காலத்தில் வெப்பம் என்பது கலோரிக் என்னும் கண்ணுக்குத் தெரியாத பாய்பொருள் என்று நம்பினார்கள். உலோகத்தைச் சீவும்போது உள்ளே இருந்த கலோரிக் வெளியே கசிகிறது என்று விளக்கம் சொன்னார்கள். தாம்சன் அதைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். வேண்டுமென்றே ஒரு மழுங்கிய துளைக்கருவியைப் பொருத்தினார். உலோக உருளையைச் சுற்றிப் பெட்டி கட்டி, அதில் 18¾ பவுண்டு நீர் ஊற்றினார். குதிரைகள் உருளையைச் சுழற்றின. இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தது. அடியில் நெருப்பே இல்லை!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 18¾ பவுண்டு என்பது ஏறத்தாழ 8.5 கிலோகிராம். நீரின் தொடக்க வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸ் என்று கொண்டால், கொதிநிலைக்குப் போக 84 டிகிரி உயர வேண்டும். நீரின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு 4,200 ஜூல். பெருக்கினால் ஏறத்தாழ 30 லட்சம் ஜூல். இரண்டரை மணி நேரம் என்பது 9,000 விநாடி. வகுத்தால் 333 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட் ஆதலால், நீருக்குப் போனது அதில் பாதிக்கும் குறைவு. உலோகத்தைச் சூடாக்கியதையும் காற்றில் இழந்ததையும் சேர்த்தால் இன்னும் கூடும். குதிரைகளின் உழைப்புக்குள் கணக்கு அடங்கிவிடுகிறது.

குதிரை நடக்கும் வரை வெப்பம் வந்துகொண்டே இருந்தது, தீரவே இல்லை. தீராமல் வந்துகொண்டே இருப்பது எப்படி ஒரு பொருளாக இருக்க முடியும்? அது ஒருவகை இயக்கமாகவே இருக்க வேண்டும் என்று 1798-இல் எழுதினார். கலோரிக் கொள்கை அன்றே மடிந்துவிடவில்லை. மேலும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. ஆனால் அதற்கு விழுந்த பலமான அடி இது.

'இவரைப் பற்றிப் படித்திருக்கிறோம், ஆனால் பெயர் வேறாயிற்றே' என்கிறீர்களா? சரிதான். இவருக்குக் கோமகன் பட்டம் கிடைத்தபோது, தாம் முன்பு வாழ்ந்து திருமணம் செய்துகொண்ட அமெரிக்க ஊரின் பழைய பெயரைச் சூட்டிக்கொண்டார். அந்த ஊர் இன்று கான்கார்டு எனப்படுகிறது. அதன் பழைய பெயர் ரம்ஃபோர்டு. ஆம், பாடப் புத்தகத்தின் ரம்ஃபோர்டு கோமகன் இவரே. 1799-இல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையம் தோன்றக் காரணமானவர்களுள் இவர் முதன்மையானவர். அந்த நிலையத்தின் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

இரண்டாம் தாம்சன்: ஆற்றின் பெயரை ஏற்றவர்

வில்லியம் தாம்சன் 1824-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். 22 வயதில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அரை நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே பணி செய்தார். 1848-இல், எந்தப் பொருளின் தனிப்பட்ட இயல்பையும் சாராத வெப்பநிலை அளவுகோல் ஒன்றை முன்வைத்தார். மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸில் தொடங்கும் தனிவெப்பநிலை அளவுகோல் அதிலிருந்து வளர்ந்ததே.

ஜூலுடன் சேர்ந்து 1852-இல் அந்தச் சோதனையைத் தொடங்கியவர் இவர்தான். சோதனை எளிமையானது. ஒரு குழாயின் நடுவே பஞ்சு போன்ற நுண்துளைப் பொருளை அடைத்து, ஒரு பக்கத்திலிருந்து உயர்ந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார்கள். அடைப்பைக் கடந்து குறைந்த அழுத்தத்துக்கு வந்த காற்று சற்றே குளிர்ந்திருந்தது. அறை வெப்பநிலையில் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் குறைந்தால் ஏறத்தாழ கால் டிகிரி குளிர்ச்சி.

ஏன் குளிர்கிறது? வளிமத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சிறிதளவு ஈர்க்கின்றன. விரிவடையும்போது அவை விலகிச் செல்ல வேண்டும். ஈர்ப்பை மீறி விலக ஆற்றல் தேவை. வெளியிலிருந்து வெப்பம் வராததால் அந்த ஆற்றலைத் தம் இயக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. இயக்கம் குறைந்தால் வெப்பநிலை குறையும். ஹைட்ரஜனோ அறை வெப்பநிலையில் இப்படிக் குளிராமல் சற்றே சூடாகும். அதை ஏறத்தாழ 200 கெல்வினுக்குக் கீழே முதலில் குளிர்வித்த பிறகே இந்த வழியில் மேலும் குளிர்விக்க முடியும். இந்தக் கால் டிகிரிக் குளிர்ச்சியைத் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டே போய்த்தான் லிண்டே 1895-இல் காற்றைத் திரவமாக்கினார்.

வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறும் கம்பியில் மின்னோட்டம் பாயும்போது வெப்பம் உட்கவரப்படுவதோ வெளிவிடப்படுவதோ 'தாம்சன் விளைவு' எனப்படும். அதுவும் இவருடையதே.

1892-இல் இவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அருகே ஓடும் சிற்றாற்றின் பெயரை ஏற்று கெல்வின் பிரபு ஆனார். ஆற்றின் பெயர் அறிஞருக்கு வந்தது; அறிஞரின் பெயர் வெப்பநிலை அலகுக்கு வந்தது. பார்த்தீர்களா, உறவில்லாத இரண்டு தாம்சன்கள், இருவரும் வெப்பத்தை ஆராய்ந்தார்கள், இருவரும் ஓர் இடத்தின் பெயருக்குள் மறைந்துபோனார்கள்!

மூன்றாம் தாம்சன்: எலெக்ட்ரானைக் கண்டவர்

ஜோசப் ஜான் தாம்சன் 1856 டிசம்பர் 18-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பிறந்தார். இவரே நாம் அறிந்த ஜே.ஜே. தாம்சன். 28 வயதில் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் பேராசிரியரானார்.

காற்று நீக்கிய குழாயில் எதிர்முனையிலிருந்து கிளம்பும் கேதோடு கதிர்களை இவர் ஆராய்ந்தார். ஒரு மின்புலம் கதிரை ஒரு பக்கம் வளைக்கும். ஒரு காந்தப்புலம் எதிர்ப்பக்கம் வளைக்கும். இரண்டும் சமமாகிக் கதிர் நேரே சென்றால், கதிரின் வேகம் மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்த ஈவுக்குச் சமம். வேகம் தெரிந்தபின், ஒரே புலத்தில் கதிர் வளையும் அளவிலிருந்து மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடலாம். அது ஹைட்ரஜன் அயனிக்குரியதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தது. குழாயில் எந்த வளிமம் இருந்தாலும் மாறவில்லை. ஆகவே அணுவைவிட மிகச் சிறிய, எல்லா அணுக்களுக்கும் பொதுவான ஒரு துகள் உண்டு என்ற முடிவுக்கு வந்தார்.

இதை அவர் எங்கே அறிவித்தார் தெரியுமா? 1897 ஏப்ரல் 30 மாலை, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில்! ஒரு தாம்சன் தோற்றுவிக்க உதவிய நிலையத்தில், அவருக்கு உறவில்லாத மற்றொரு தாம்சன் எலெக்ட்ரானைப் பற்றிப் பேசினார்.

அணு மாதிரியும் தாம்சன் சிதறலும் இவருடையவை. முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் வெண்ணிற ஒளிவட்டத்தில் பெரும்பகுதி, அங்குள்ள எலெக்ட்ரான்கள் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. அதுவே தாம்சன் சிதறல்.

நான்காம் தாம்சன்: உண்மையிலேயே உறவினர்

'பெயர் ஒன்றானால் உறவில்லை' என்று நீங்கள் முடிவு கட்டிவிடும் முன், ஒரு விதிவிலக்கு. ஜார்ஜ் பாஜெட் தாம்சன் (1892–1975), ஜே.ஜே. தாம்சனின் மகன். எலெக்ட்ரான் கற்றையை மிக மெல்லிய படலத்தின் ஊடே செலுத்தி, ஒளிப்படத் தகட்டில் வட்ட வளையங்களைக் கண்டார். ஒளி அலைகள் காட்டும் விளிம்பு விளைவை எலெக்ட்ரானும் காட்டியது! இது நடந்தது 1927-இல்.

தந்தைக்கு நோபெல் பரிசு 1906-இல். மகனுக்கு, அமெரிக்காவின் டேவிசனுடன் பகிர்ந்து, 1937-இல். தந்தை எலெக்ட்ரானைத் துகள் என்று நிறுவினார்; மகன் அதற்கு அலைப் பண்பும் உண்டு என்று காட்டினார். 1940 வரை வாழ்ந்த தந்தை அதைக் கண்ணாரக் கண்டார். தந்தை கூறியது தவறாகிவிடவில்லை. எலெக்ட்ரானுக்கு இரண்டு முகங்களும் உண்டு.

ஐந்தாம் தாம்சன்: தாவும் வளையம்

கல்லூரி ஆய்வகங்களில் ஒரு வேடிக்கைச் சோதனை காட்டுவார்கள். இரும்பு உள்ளகம் கொண்ட கம்பிச்சுருளின் மேல் ஓர் அலுமினிய வளையம். மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தியதும் வளையம் துள்ளி மேலே எழும்பும். வளையத்தில் தூண்டப்படும் மின்னோட்டம் கம்பிச்சுருளின் காந்தப்புலத்தால் விலக்கப்படுவதே காரணம். இதைச் செய்து காட்டியவர் எலிஹு தாம்சன்.

இவர் 1853-இல் பிறந்தார். எங்கே? ஜே.ஜே. தாம்சன் பிறந்த அதே மான்செஸ்டரில்! மூன்றே ஆண்டு மூத்தவர், ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், இருவருக்கும் மின்சாரமே துறை. ஆனாலும் உறவில்லை. எலிஹு சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். மின் பற்றவைப்பு முறையையும் மின்னாற்றல் அளவியையும் ஆக்கியவர். இவருடைய நிறுவனமும் எடிசனுடைய நிறுவனமும் 1892-இல் இணைந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆயிற்று.

இடங்களிலும் விலங்குகளிலும்

கனடா நாட்டில் தாம்சன் ஆறு ஒன்று ஓடுகிறது. அது டேவிட் தாம்சன் என்னும் நில அளவையாளரின் பெயர். அதே நாட்டில் மானிடோபா மாநிலத்தில் நிக்கல் சுரங்க நகரம் ஒன்றுக்கும் தாம்சன் என்று பெயர். அது சுரங்க நிறுவனத் தலைவர் ஒருவரின் பெயரால் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் துள்ளும் தாம்சன் மான், ஜோசப் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துப் பயணியின் பெயரைத் தாங்குகிறது. இவரும் ஜோசப்தான், ஆனால் எலெக்ட்ரானுக்கும் இவருக்கும் தொடர்பில்லை!

இதனால் என்ன?

'விளைவு புரிந்தால் போதாதா? எந்தத் தாம்சன் என்பது முக்கியமா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடுக்க வேண்டியவருக்குப் புகழைக் கொடுப்பது ஒரு நேர்மை. அது ஒரு புறம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பெயரை மாற்றிவிட்டால் அறிவியல் வளர்ந்த வரிசையே மாறிவிடுகிறது. வளிமம் விரிந்து குளிர்வதைக் கண்டபோது எலெக்ட்ரானைப் பற்றி யாருக்கும் தெரியாது. அதற்கு இன்னும் 45 ஆண்டுகள் இருந்தன. அணுவின் உள்ளமைப்பு தெரியாமலே, வெப்பமானியை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனார்கள். எதை அறிந்து எதைக் கண்டார்கள் என்பது நான் சொன்ன தவறான பெயரில் மறைந்துபோயிற்று.

இன்னும் ஓர் எச்சரிக்கை. சரியான பெயரைச் சொல்லிவிட்டால் விளக்கம் முடிந்துவிட்டது என்றும் எண்ணாதீர்கள். வாயைக் குவித்து உள்ளங்கையில் ஊதினால் குளிர்ச்சியாக இருக்கிறது. 'ஜூல்–தாம்சன் விளைவு' என்று சிலர் சட்டெனச் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள். நாம் ஊதும்போது வாயினுள் கூடும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், குளிர்ச்சி கால் டிகிரியில் நூறில் ஒரு பங்கு. அதைக் கை உணர முடியாது. வேகமாக வரும் காற்று சுற்றியுள்ள அறைக் காற்றையும் இழுத்துக்கொண்டு வருவதும், தோலின் ஈரம் ஆவியாவதுமே உண்மைக் காரணங்கள்.

ஆகவே ஒரு பெயரைப் பாடத்தில் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். தலைப்பெழுத்து என்ன? எந்த ஆண்டு? எந்த ஊர்? ஊரும் பெயரும்கூட ஒன்றாகிவிடலாம் என்பதை மான்செஸ்டர் காட்டிவிட்டது. மூன்றும் பொருந்தினால்தான் ஆள் ஒருவர். ஆண்டுகள் ஒத்துவராவிட்டால் எழுந்து நின்று கேளுங்கள். ஆசிரியர் 'உட்கார்' என்று சொன்னாலும் பரவாயில்லை. அன்று மாலை அவர் நூலகத்துக்குப் போவார்.

விடை கூறுங்கள்

1. தனிவெப்பநிலை அளவுகோலைத் தந்த தாம்சன் யார்?
2. ஒரே நகரில் பிறந்த இரு தாம்சன்கள் யார், யார்?
3. நெருப்பில்லாமல் நீரைக் கொதிக்க வைத்த தாம்சன் யார்?
4. ஒரு மாணவன், "எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த தாம்சன் 1848-இல் தனிவெப்பநிலை அளவுகோலை முன்வைத்தார்" என்று எழுதினான். வேறு புத்தகம் எதையும் பார்க்காமல், இக்கட்டுரையில் உள்ள ஓர் ஆண்டைக் கொண்டே அது தவறென்று காட்டுங்கள்.

விடைகள்: 1. வில்லியம் தாம்சன் (கெல்வின் பிரபு). 2. ஜே.ஜே. தாம்சன், எலிஹு தாம்சன். 3. பெஞ்சமின் தாம்சன் (ரம்ஃபோர்டு கோமகன்). 4. எலெக்ட்ரானைக் கண்டவர் பிறந்த ஆண்டு 1856. 1848-இல் அவர் பிறக்கவே இல்லை.